தூரத்துச் சிம்னிக்கு ஒரு லென்ஸ்

என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் கூப்பிட்டேன். போய்ச் சேர்ந்த பிறகு புதிதாக ஒரு பெயரையா தேடப் போகிறேன்? வரும் வெள்ளிக்கிழமை உங்களுக்குத் திதி. பேப்பரில் கட்டம் கட்டி, உங்கள் மீசைப் படத்தைப் போட்டு, கீழே 'கண்ணீருடன் மனைவி, மகன், மருமகள்' என்று போட்டுவிடலாம் என்றான் பாஸ்கர். உங்கள் மகனுக்கு எதையும் ஒரு கட்டத்துக்குள் அடக்கிவிட வேண்டும். எனக்கு அந்தக் கட்டம் போதாது. அதனால் சனிக்கிழமை வரும் நம் ஊர் வாரப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும். படித்துவிட்டால் நான் பின்வாங்க முடியாது.

வீட்டுச் சேதி முதலில். கொல்லை மாதுளை காய்க்கிறது, ஆனால் தோலெல்லாம் கறுப்புப் புள்ளி. மாடிக்கொடியில் வெள்ளைத் துணி காயப்போடுவதை விட்டுவிட்டேன். விடியற்காலையில் அந்த நாற்றம் இன்னும் வருகிறது. அழுகின முட்டைக்கோசையும் நகப்பூச்சையும் ஒன்றாகக் கலந்த மாதிரி, அதே நாற்றம். ஜன்னலைச் சாத்தி, கதவுக்கடியில் ஈரத்துணியைச் சுருட்டி வைக்கிறேன். முன்பு ஒரு முனையை நான் அழுத்துவேன், இன்னொரு முனையை நீங்கள் காலால் தள்ளுவீர்கள். இப்போது இரண்டு முனைக்கும் நானே குனிய வேண்டியிருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இத்தனையும். ஆனால் எடுத்த எடுப்பில் கேட்டால் உங்களுக்குப் புரியாது. நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

சோற்றில் கை வைக்கும் நேரம் நாற்றம் வந்தால், தலையைக்கூடத் தூக்காமல் சொல்வீர்களே, நினைவிருக்கிறதா? "எங்களுது இல்ல அஞ்சல. பக்கத்துக் கம்பெனி." எதிர்வீட்டு மேரியின் புருஷன் சாயக் கம்பெனியில் இருந்தார். அவரும் அதையேதான் சொல்வார்: "எங்க கம்பெனி வாசனையே வேற அண்ணி. இது பக்கத்துக் கம்பெனி." நம் தெருவில் எந்த வீட்டில் போய்க் கேட்டாலும், சம்பளம் தருகிற கம்பெனி சுத்தம், பக்கத்துக் கம்பெனிதான் அசுத்தம். எல்லாருக்கும் அது பக்கத்துக் கம்பெனி என்றால், கடைசியில் அது யாருடைய கம்பெனி? இதை நான் அப்போது கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. ரசம் ஆறிவிடும் என்ற கவலைதான் எல்லாருக்கும்.

நமக்குப் பக்கத்துக் கம்பெனி என்றால் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அந்தச் சிம்னி. நம் மொட்டைமாடியில் நின்றால் நேர் கிழக்கே தெரியும். உங்கள் கம்பெனி அதற்கும் பின்னால், ஆற்றுப் பக்கம். அதன் சிம்னிக்குப் பூச்சுக்கூடக் கிடையாது, வெறும் சிமெண்ட் நிறம். "எங்களுது உசரம் ஜாஸ்தி. வர்றது நேரா வானத்துக்குப் போயிடும், மனுசன் மூக்குக்கு வராது" என்று பெருமையாகச் சொல்வீர்கள். நம் மாடியிலிருந்து அது தெரியவே தெரியாது. பட்டைச் சிம்னி அதை முழுசாக மறைத்துவிடும்.

நீங்கள் இருமி இருமி எலும்பாகிப் போனபோது டாக்டர் என்ன கேட்டார்? "பீடியா, சிகரெட்டா?" வெற்றிலைகூடப் போடாத மனுஷன் என்று நான் கத்தினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். வயசு, நுரையீரல், மூச்சுத்திணறல். ஏன் வந்தது என்கிற இடத்தில் ஒன்றுமே எழுதவில்லை. அந்த வெற்றிடத்தை வைத்துக்கொண்டு உங்களைக் கொளுத்திவிட்டு வந்தோம். அன்றிலிருந்து அதை நிரப்பாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் குறை கேட்பார்களே, அங்கே மனுவும் கையுமாகப் போனேன். காவல்காரர் என்னைப் பார்த்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுகிற அளவுக்குப் போனேன். மாசு பார்க்கும் ஆபீசர் நல்ல மாதிரியான ஆள்தான். உட்காரச் சொல்லித்தான் பேசுவார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி.

"எந்தச் சிம்னிம்மா?"

"பட்டை போட்டது."

"பாத்தீங்களா?"

"மோந்தேன்."

"மோந்ததை வெச்சு நான் யார் மேலம்மா நடவடிக்க எடுக்கறது? இத்தன சிம்னி இருக்கு. நாங்க வர்றப்ப ஒண்ணும் இருக்கறதில்ல. இந்தச் சிம்னி, இந்தப் பொகைன்னு ஒரே ஒரு அத்தாட்சி கொடுங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பாஸ்கர் சிதம்பரத்தில் இருந்து வரும்போதெல்லாம் ஒரே பாட்டு. "வீட்ட வித்துட்டு எங்ககூட வந்துடும்மா." எந்தச் சிம்னி என்று தெரிந்து, அதன் பெயரைச் சொன்ன பிறகு வருகிறேன் என்றேன். அவன் குழந்தை பிறந்தபோது தவணையில் ஒரு கேமரா வாங்கினான், கறுப்பாக, கழுத்தில் மாட்டுகிற பட்டையோடு. ஆறு மாதம் குழந்தையை எடுத்தான், அப்புறம் பீரோவுக்குள் போட்டுவிட்டான். அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். எட்டாவதோடு நிறுத்தியவள்தான் நான். ஆனாலும் கேமராவோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தையும் பாஸ்கரின் பழைய அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போன வருஷ மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு வரியாகத் தாண்டினேன். எந்தப் பித்தானுக்கு என்ன வேலை என்று இப்போது அவனுக்கே நான்தான் சொல்கிறேன்.

ஆனால் அதிலிருந்த சின்ன லென்ஸில் பட்டைச் சிம்னி ஒரு தீக்குச்சி. புகை, தீக்குச்சி முனையில் ஒட்டின பஞ்சு. ஆபீசர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேகமா இருக்கும்போலருக்கும்மா" என்றார். கிட்டே போய் எடுக்கலாம் என்றால், கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி கேமராவைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறான். இருக்கிற இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். அதற்கு ஜூம் லென்ஸ் வேண்டும். என் பென்ஷனுக்குத் தகுந்த ஜூம் லென்ஸ்.

சிதம்பரம் தெற்கு வீதியில் ஜமால் பாய் என்று ஒருவர் கேமராக் கடை வைத்திருக்கிறார். லால்பேட்டைக்காரர். கல்யாணம் எடுப்பவர்கள், கோயிலில் பரதநாட்டியம் எடுப்பவர்கள் எல்லாரும் அவரிடம்தான் லென்ஸ் வாங்குவதும் விற்பதும். பாஸ்கரைக் கூட்டிக்கொண்டு போனேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"டான்ஸ் எடுக்கவாம்மா? பேத்தி ஆடுதா?"

"பொகை எடுக்க."

"அடுப்புப் பொகையா?"

"கம்பெனிப் பொகை. எங்க வீட்லருந்து."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் ஊரைக் கேட்டார். சொன்னேன். "அந்த எடத்தத் தாண்டறப்ப பஸ்ல எல்லாரும் மூக்கப் புடிச்சிக்குவாங்களே, அந்த ஊரா?" என்றார். அந்த ஊர்தான் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேடிக்கையாகப் பேசவில்லை. மூன்று லென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஒன்று ஃபிலிம் காலத்துப் பழசு. கனம் அம்மிக்குழவி மாதிரி. விலை ரொம்பக் கம்மி. ஆசையாக எடுத்தேன். பாய் அதை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே கண்ணாடியில் ஒட்டடை மாதிரி படர்ந்திருந்தது. "பூசணம்மா. கடக்காத்துல வெச்சிருந்தா இப்புடித்தான். உங்க வீட்லயும் உப்புக்காத்துதான், இது இன்னும் பரவிடும்." இரண்டாவது, நம் கேமராக் கம்பெனிக்காரனே செய்தது, இருநூற்றைம்பது மில்லிமீட்டர் வரை போகும், கையாட்டத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசர் உண்டு. ஃப்ரிட்ஜுக்குத்தான் ஸ்டெபிலைசர் கேள்விப்பட்டிருக்கிறேன். மூன்றாவது, வேறு கம்பெனிக்காரன் செய்தது, முந்நூறு வரை போகும், ஸ்டெபிலைசர் கிடையாது. விலை இரண்டாவதில் பாதி.

"இருநூத்தம்பது எடும்மா," என்றான் பாஸ்கர். "ஒனக்குக் கை ஆடும். காப்பி டம்ளரே ஆடுது."

"டம்ளர் ஆடுனா ஆடட்டும். கேமராவ நான் செவுத்துல வெச்சிக்கறேன். செவுரு ஆடுமா?"

"தம்பி சொல்றது சரிதாம்மா," என்றார் பாய். "இந்த முந்நூறு, கடேசி வரைக்கும் இழுத்தீங்கன்னா கொஞ்சம் சோப்புத் தண்ணி ஊத்துன மாதிரி இருக்கும். வெளிச்சமும் ஜாஸ்தி கேக்கும். இருநூத்தம்பது வெட்டுன மாதிரி வுழும்."

"முந்நூறுதானே கிட்டக்க கொண்டாரும்?"

"கொண்டாரும்."

"அப்ப முந்நூறு."

"அம்மா, காசுக்காகப் பாக்காத, மீதிய நான் போடறேன்," என்றான் உங்கள் மகன். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. உங்களுக்காகச் செய்கிறதில் இன்னொருத்தன் பணம் எதற்கு? முந்நூறைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். பாய் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், இடைவெளி என்றும் ஒட்டிக்கொள்ளும் என்றும். கடலூர் பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் நான் காதில் வாங்கவில்லை.

அப்புறம் நான் பட்டதைச் சொன்னால் நீங்கள் பாவம் என்பீர்கள். நாற்றம் அதிகமாக வருவது விடிந்தும் விடியாமலும் இருக்கிற நேரம். அந்த நேரத்தில் வெளிச்சமே இல்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் கேமரா மெதுவாகக் கண்ணை மூடும். அது மூடுவதற்குள் நான் மூச்சு விட்டால் போதும், சிம்னி இரண்டாகிவிடும். கைப்பிடிச்சுவரில் வைத்தால் சரிகிறது. தலையணையில் வைத்தால் அமுங்குகிறது. நாற்றம் தொண்டையைப் பிடிக்க, கண்ணில் நீர் கொட்ட, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு எடுப்பேன். படம் வெறும் மஞ்சள் கலக்கமாக விழும். கீழே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். அழ வேண்டும்போல இருக்கும், அழுதால் இருமல் வரும் என்று அடக்கிக்கொள்வேன். எத்தனை காலை அப்படி.

கடைசியில் உங்கள் காக்கிப் பேண்ட் ஒன்றின் காலை வெட்டி, ஆற்று மணலை நிரப்பி, இரண்டு பக்கமும் தைத்தேன். அதைச் சுவர்மேல் போட்டு, லென்ஸை அதில் அழுத்தி, பித்தானைத் தொடாமல் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். கார்த்திகையில் ஒரு காலை, மழை விட்டு வானம் கழுவின மாதிரி இருந்தது. அன்றைக்கு விழுந்தது பாருங்கள் படம். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. மேலே பழுப்பு மஞ்சளில் ஒரு கொத்து, சிம்னி வாயிலிருந்து அப்படியே கிளம்புகிறது. ஏணியின் படிகூடத் தெரிந்தது. மேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அக்கா, மாட்டுனான்க்கா!" என்று கையைத் தட்டினாள். பெரிதாகப் பிரிண்ட் போடச் சொல்லிப் பாய்க்கு ஆள்மூலம் கொடுத்தனுப்பினேன்.

திங்கட்கிழமை ஆபீசர் அந்தப் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா எடுத்திருக்கீங்கம்மா" என்றார். பட்டைச் சிம்னிக் கம்பெனியின் மேனேஜரையும் வரவழைத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சின்னப் பையன்தான், பாஸ்கர் வயசு இருக்கும். படத்தைப் பார்த்து அவன் கோபப்படவில்லை. அதிலேயே எனக்கு ஏதோ இடித்தது.

"பாட்டி, இது எங்களுதுதான். ஆனா தீபாவளிக்கு மொதல்லருந்து பாய்லர் ரிப்பேர். சிம்னிக்குப் பின்பக்கம் சாரம் கட்டியிருக்கோம், உங்க மாடிலருந்து தெரியாது. அந்தப் பக்கம் ஏறிப் பாத்தா தெரியும். அதுலருந்து எப்புடிப் பொகை வரும்?"

"பொய்."

"இல்லம்மா," என்றார் ஆபீசர். "நானே போய்ப் பாத்தேன். போன வாரம். மூடித்தான் இருக்கு."

"அப்ப இந்தப் பொகை வானத்துலருந்து குதிச்சுதா?"

யாரோ சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. படத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அதை மடிக்கவும் முடியாமல், பைக்குள் வைக்கவும் முடியாமல், பஸ் ஸ்டாண்டு வரை கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன். எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அதே வேகத்தில் வீட்டுக்குப் போகாமல் சிதம்பரம் பஸ் ஏறினேன். லென்ஸில் கோளாறா என்று பாயிடம் கேட்டுவிட வேண்டும்.

பாய் படத்தைப் பார்த்தார். "லென்ஸுல கோளாறு இல்லம்மா. லென்ஸு கொணமே அதான். அன்னைக்கே சொன்னேன், நீங்க கௌம்பிட்டீங்க" என்றார். கேமராவை வாங்கிக்கொண்டு கடை வாசலில் நின்று வீதியின் கோடியைப் பார்த்து ஒரு படம் எடுத்தார். என்னிடம் காட்டினார். நடுவில் வாழைப்பழ வண்டிக்காரர் குனிந்து சில்லறை எண்ணுகிறார். அவர் முதுகிலேயே ஒரு பஸ் ஏறி நிற்கிறது. நிமிர்ந்து வீதியைப் பார்த்தேன். வண்டிக்காரர் பக்கத்தில் இருக்கிறார். பஸ் வீதி முனையில், எங்கேயோ.

"பாத்தீங்களா, அவரு பாட்டுக்குப் பழம் விக்கிறாரு, பஸ்ஸு முதுகுல ஏறிடுச்சு. தூரத்த கிட்டக்க கொண்டாந்தா, நடுவுல இருக்கற எடத்த அது முழுங்கிடும். முன்ன இருக்கறதும் பின்ன இருக்கறதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். உங்க பட்டச் சிம்னிக்கு நேர் பின்னால வேற ஏதாச்சும் சிம்னி இருக்கா?"

நான் பேச்சை லென்ஸுக்கே திருப்பினேன்.

"அந்த இருநூத்தம்பது வாங்கியிருந்தா?" என்று கேட்டேன்.

"அதுவும் இப்புடித்தாம்மா ஒட்டும். லென்ஸ மாத்திப் புண்ணியமில்ல. நீங்க நிக்கற எடத்த மாத்தணும். வேற பக்கத்துலருந்து பாத்தா ரெண்டும் தனித்தனியா நிக்கும்."

மேரியின் மகளை வடக்குப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்களே, அந்த மாடி வீடு. மேரியைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்த் தங்கினேன். அங்கிருந்து தொழிற்பேட்டை இன்னும் தூரம், வெறும் கண்ணுக்குச் சிம்னியெல்லாம் ஊசி மாதிரி. முந்நூறு வாங்கினது அன்றைக்குத்தான் உதவியது. விடிகிற நேரம், மணல் பையைச் சுவரில் போட்டு லென்ஸைத் திருப்பினேன். பாய் சொன்னபடியே சிம்னிகள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. பட்டைச் சிம்னி வலது பக்கம், சாரம் கட்டி, சும்மா நின்றது. அதற்கு நன்றாக இடது பக்கம் தள்ளி, ஆற்றை ஒட்டி, பூச்சில்லாத உயரமான ஒன்று. புகை அதிலிருந்து வந்தது. அதே பழுப்பு மஞ்சள். நேராக வானத்துக்குத்தான் போயிற்று, நீங்கள் சொன்ன மாதிரியே. கொஞ்ச தூரம் போய், கனத்துப்போய், நம் தெருப்பக்கம் சாய்ந்து இறங்கியது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். பித்தானை அமுக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது. மேரிதான் தோளைத் தொட்டாள். எடுத்தேன். ஒன்றல்ல, நிறைய.

பாஸ்கருக்குக் காட்டினேன். அவன் படத்தைக் கையில் வாங்கினவன் உடனே கீழே வைத்துவிட்டான்.

"அம்மா, இது அப்பா கம்பெனி."

"தெரியும்."

"அவுங்க கொடுத்த சம்பளத்துலதான் நான் படிச்சேன். அப்பா செத்தப்ப மொத மாலை அவுங்க போட்டது. இதப் போய்க் குடுக்கப்போறியா? அப்பாவுக்குத்தாம்மா கேவலம்."

"பட்டைச் சிம்னின்னா குடுக்கலாம், அப்பா சிம்னின்னா குடுக்கக்கூடாதா?"

"நீ இன்னா செஞ்சாலும் போனவரு வரப்போறதில்ல. எதுக்கும்மா உனக்கு இந்த வீம்பு?"

மேரி சமையல்கட்டிலிருந்து, "வுட்டுடுக்கா, எல்லாம் ஒரே பொகைதான்" என்றாள். அவள் புருஷனும் இருமித்தான் செத்தார். அவளுக்கும் ஒரு கேள்வி இருக்கும், அதைக் கேட்டுத் தொலைக்க வேண்டாம் என்று நினைக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாஸ்கரைச் சொல்வேன்.

இப்போது உங்கள் முறை. கேட்கிறேன்.

நீங்கள் பாய்லர் பக்கம்தானே இருந்தீர்கள்? காலை ஷிப்டு வாரத்தில் இருட்டோடு எழுந்து போவீர்கள். நான் கட்டிக்கொடுத்த டிபனை அங்கே போய்த்தான் தின்பீர்கள். அந்த நேரத்தில்தான் நம் தெருவுக்கு இந்த நாற்றம் வரும். அதைத் திறந்து விடுகிறவர் யார்? மேலே இருந்து யாரோ சொல்லி, கீழே ஒருத்தர் வால்வைத் திருகுவார். அந்தத் திருகில் கை வைத்தவர் யார்? சொல்லுங்கள். இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெரிந்துகொண்டே பக்கத்துக் கம்பெனி என்றீர்களா? இல்லை, உங்களையும் யாராவது அப்படித்தான் நம்பவைத்தார்களா? காலை ஷிப்டு இல்லாத நாளில், நான் ஜன்னலைச் சாத்தும்போது, நீங்கள் ஈரத்துணியைக் காலால் தள்ளும்போது, ஒரு தடவையாவது உங்கள் முகத்தில் ஏதாவது ஓடிற்றா? எத்தனையோ காலைகளை யோசித்துப் பார்க்கிறேன். உங்கள் முகம் தெரியமாட்டேன் என்கிறது. மீசையும் கண்ணாடியும்தான் தெரிகிறது. தூரத்துச் சிம்னியின் ஏணிப்படி தெரிகிற லென்ஸ் இருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த மனுஷனைப் பார்க்க என்ன இருக்கிறது?

பதில் வராது என்று எனக்குத் தெரியும். நீங்கள் தெரியாதவராக இருந்தால், உங்களை ஏமாற்றிக் கொன்றிருக்கிறார்கள். தெரிந்தவராக இருந்தால், தெருவோடு சேர்த்து உங்களையும் நீங்களே கொன்றுகொண்டீர்கள். எது நிஜமோ, இரண்டிலும் உங்கள் நெஞ்சுதான் வெந்தது. டாக்டர் எழுதாமல் விட்ட அந்த இடத்தில் எழுத வேண்டியது ஒரே பெயர்தான்.

கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் பத்திரிகைக்காரர் போட மாட்டார். திங்கட்கிழமை ஆபீசரிடம் வாயால் சொல்வேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன், நம் மாடியிலிருந்து எடுத்தது ஒன்று, வடக்கேயிருந்து எடுத்தது ஒன்று. அந்தச் சின்ன மேனேஜரைப் பார்த்தால், உங்க சிம்னி இல்லை தம்பி என்று சொல்லிவிடுவேன். மன்னிப்பு கேட்க மாட்டேன். இந்தச் சிம்னியும் ரிப்பேரில்தான் இருந்தது என்று யாராவது சொல்வார்களோ என்னவோ. சொன்னால் திரும்பவும் மாடி ஏற வேண்டியதுதான். வேறென்ன என் கையில் இருக்கிறது?

பாஸ்கர் கூட வர மாட்டேன் என்றுவிட்டான். வர வேண்டாம். ஆனால் பெயரைச் சொன்ன பிறகு சிதம்பரம் வருகிறேன் என்றேனே, அந்தப் பேச்சை மாற்றிவிட்டேன். இந்தப் புகை விழுகிற வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பெயரைச் சொன்னால்தான் நியாயம். போய்விட்டு யாரோ ஒருத்தியாகச் சொல்லக் கூடாது.

அந்தக் கம்பெனியை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஆபீசர் கட்டாயம் கேட்பார். அப்பா பெயரை மட்டும் இழுக்காதே என்று பாஸ்கர் என்னிடம் கெஞ்சியிருக்கிறான். சரி என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்ல மாட்டேன். கேட்டால், என் வீட்டுக்காரர் அங்கேதான் வேலை பார்த்தார், பாய்லர் பக்கம், அங்கே மூச்சு கெட்டுத்தான் செத்தார் என்று சொல்வேன். அதற்குப் பிறகு ஆபீசர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். உங்களுக்கு இதில் கோபம் என்றால், வெள்ளிக்கிழமை இலை போட்டுக் கூப்பிடும்போது வராமல் இருந்துகொள்ளுங்கள். நான் இலையைப் போடத்தான் போகிறேன், திங்கட்கிழமை போகத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் அதே வீட்டில் இருக்கிற
உங்கள் வீட்டுக்காரி,
அஞ்சலாட்சி